அடிபட்ட வீக்கம் வடியவில்லையா? சொரியாசிஸ் உள்ளவர்கள் கவனிக்கவும்!

விசைத்தறியும் பனியன் கம்பெனியும் சூழ்ந்த எங்கள் மங்கலம் பக்கத்தில் அடிபடாத கை கால் கிடையாது. தறியிலிருந்து தெறித்த நாடா முழங்காலைப் பதம் பார்த்திருக்கும். பாவு பீமைத் தூக்கி வைக்கும்போது கால் விரல் நசுங்கியிருக்கும். ஓவர்லாக் ஊசி நகத்தில் இறங்கியிருக்கும். அதெல்லாம் ஒரு பெரிய விஷயமாக யாரும் நினைப்பதில்லை. மஞ்சள் பற்றுப் போட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் சரியாகியும் விடும்.

ஆனால் ஏற்கெனவே சொரியாசிஸ் என்னும் தோல் வியாதி இருப்பவர்கள் மட்டும் இந்த அடியைச் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்களில் சிலருக்கு, அடிபட்ட பிறகு மூட்டில் ஒரு வீக்கம் கிளம்புகிறது. அது அடியினால் வந்த சாதாரண வீக்கம் அல்ல. தோலில் இருந்த வியாதி மூட்டுக்கும் வந்துவிட்டதன் அறிகுறி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் ஒரு விரலையோ, ஒரு முழங்காலையோ காப்பாற்றிவிடலாம். நான் டாக்டர் அல்ல, குடும்பத்தலைவி. டாக்டர்களிடம் கேட்டதையும், படித்துத் தெளிந்ததையும், பக்கத்தில் பார்த்ததையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒட்டுவாரொட்டி அல்ல

சொரியாசிஸைச் சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். செதில் உதிர் நோய் என்றும் சொல்வதுண்டு. முழங்கை, முழங்கால், தலை, இடுப்பு ஆகிய இடங்களில் சிவந்த தடிப்பும், அதன்மேல் வெள்ளி நிறச் செதிலுமாக இருக்கும். தலையில் வந்தால் பொடுகு என்று நினைத்து வருஷக்கணக்கில் ஷாம்பூ மாற்றிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இது தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே துண்டில் துடைத்துக்கொண்டாலும் வராது. குஷ்டரோகமும் அல்ல. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தப்புக் கணக்குப் போட்டு நம் தோலையே தூண்டிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் நிதானமாக மாற வேண்டிய மேல்தோல் சில நாட்களிலேயே அவசர அவசரமாக வளர்ந்து செதிலாகக் கொட்டுகிறது. அவ்வளவுதான். இந்தியாவில் நூறு பேரைப் பார்த்தால் ஓரிருவருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே நம் வீதியிலும், நம் உறவிலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். வெளியே சொல்லாமல் முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவே வித்தியாசம்.

காயத்தைத் தேடி வரும் படை

இந்த வியாதிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. எங்கே காயம் படுகிறதோ அங்கே புதிதாகப் படை கிளம்பும். இதை 1872-ஆம் ஆண்டிலேயே ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய டாக்டர் எடுத்துச் சொன்னார். அவரிடம் வந்த ஒரு நோயாளிக்குக் குதிரை கடித்த இடத்திலும், பச்சை குத்திய இடத்திலும் சொரியாசிஸ் முளைத்திருந்ததாம். இன்றும் அந்தக் குணத்தை அவர் பெயராலேயே 'கோப்னர் விளைவு' என்று அழைக்கிறார்கள். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேரிடம் இது காணப்படுகிறது. காயம் பட்டுப் பத்து, இருபது நாட்களில் படை தெரிய ஆரம்பிப்பது வழக்கம்.

நம் வீட்டுப் பெண்களிடம் இதை எளிதாகப் பார்க்கலாம். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடுப்புத் தடத்தில் படை வரும். சொரிந்து சொரிந்து கீறிய கோட்டிலேயே படை வரும். ஆப்பரேஷன் தழும்பின்மேல் வருவதும் உண்டு. இதனால்தான் 'தேய்க்காதே, கீறாதே' என்று தோல் டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அடி உள்ளே இறங்கினால்?

காயம் தோலோடு நின்றால் படை வருகிறது. அடி உள்ளே இறங்கி எலும்பையும் மூட்டையும் தாக்கினால்? இந்தக் கேள்வி டாக்டர்களுக்கும் வந்தது. ஏனென்றால் சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தனி வகையான ஒரு மூட்டுவாதம் வருவதை 1818-லேயே அலிபேர் என்ற பிரெஞ்சு டாக்டர் குறித்திருக்கிறார். 1973-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த மோல், ரைட் என்ற இரு டாக்டர்கள் இதை ஐந்து விதமாகப் பிரித்துக் காட்டினார்கள். நூறு சொரியாசிஸ்காரர்களில் இருபது, முப்பது பேருக்கு இந்த மூட்டுவாதம் வரலாம் என்று மேல்நாட்டுக் கணக்கு. நம் நாட்டில் பதிவானது இதைவிடக் குறைவு.

பெரும்பாலும் தோல் வியாதி முதலில் வரும். ஏழெட்டு, பத்து வருஷம் கழித்து மூட்டைப் பிடிக்கும். சிலருக்கு மட்டும் மூட்டு முந்திக்கொள்ளும். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் ஆரம்பிப்பதே அதிகம். அதாவது குடும்ப பாரமும் வேலை பாரமும் ஒன்றாகத் தலையில் இருக்கும் வயதில்! ஆண், பெண் என்ற பேதமும் இதற்கு இல்லை.

அடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம். தசைநார் வந்து எலும்பில் ஒட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறதல்லவா? குதிகாலின் பின்புறம் தடவிப் பாருங்கள், கயிறு போல ஒரு நரம்பு வந்து எலும்பில் இறங்கும். அப்படிப்பட்ட முடிச்சுகள் உடம்பெங்கும் உண்டு. நாம் நடக்கும்போதும், குனியும்போதும், பாரம் தூக்கும்போதும் இழுவை முழுவதும் அந்த முடிச்சுகளில்தான் விழுகிறது. சொரியாசிஸ் உடம்பில் முதலில் பற்றிக்கொள்ளும் இடமும் அதுவே. அங்கே பலமான அடி விழுந்தால் அதை ஆற்றுவதற்காக உடம்பு சில ரசாயனப் பொருள்களைச் சுரக்கிறது. மற்றவர்களுக்கு ஆறியவுடன் அந்தச் சுரப்பு அடங்கிவிடும். இவர்களில் சிலருக்கு அடங்குவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தணல் கிடந்து புகைவதுபோல் அழற்சி உள்ளேயே நீடிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

நகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகத்தின் வேரும் விரல் நுனி மூட்டின் தசைநாரும் பின்னிப் பிணைந்தவை. அதனால்தான் நகத்தில் குண்டூசியால் குத்தினாற்போல் குழிகள் உள்ளவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு அதிகம்.

எழுபதாயிரம் பேரைப் பார்த்த கணக்கு

2017-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி வெளிவந்தது. பிரிட்டனில் குடும்ப டாக்டர்களிடம் பதிவான எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொரியாசிஸ் நோயாளிகளின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 15,416 பேர் அடிபட்டவர்கள், மற்றவர்கள் அடிபடாதவர்கள். அடிபட்டவர்களுக்கு மூட்டுவாதம் வந்த வேகம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அதிகமாக இருந்தது. எலும்பிலோ மூட்டிலோ அடிபட்டவர்களுக்கு இது 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது. தோலில் மட்டும் காயம்பட்டவர்களிடம் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொரியாசிஸ் இல்லாதவர்கள் அடிபட்டால் முடக்குவாதம் வருகிறதா என்று. அப்படி அதிகரிக்கவில்லை. ஆகவே அடி மட்டுமே காரணம் அல்ல. உள்ளே விதை இருப்பவர்களுக்கு அடி ஒரு மழை போல.

'ஐம்பது சதவீதமா!' என்று பயந்துவிடாதீர்கள். அந்த ஆராய்ச்சியில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிரம் சொரியாசிஸ்காரர்களில் ஒரு வருஷத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்குத்தான் மூட்டுவாதம் வந்தது. அது ஒன்றரை மடங்கானாலும் மூன்று, நான்கு பேர்தான். அடிபட்ட பெரும்பாலோருக்கு ஒன்றும் வருவதில்லை. நாம் பயப்பட வேண்டியதில்லை, கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தால் போதும்.

ஐந்து மாதம் போன கதை

எங்கள் ஊரில் தறிக் கூடத்தில் தார் சுற்றும் ஒரு பெண். வயது முப்பத்தெட்டு. முழங்கையிலும் தலையிலும் எட்டு வருஷமாகப் படை. ஒருநாள் வலது கால் இரண்டாம் விரலில் பீம் இடித்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறிவு இல்லை. வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீக்கம் வடியவில்லை. விரல் அடியிலிருந்து நுனிவரை பூவன் பழம்போல் பருத்து, மெட்டி உள்ளே புதைந்துபோய், பத்தரிடம் போய்த்தான் வெட்டி எடுத்தார்கள்.

"ஏனுங்கக்கா, எலும்பு முறியலைன்னு படத்துல தெளிவா இருக்குதுங்க. அப்பறம் எதுக்குங்க மாசக்கணக்கா வலிக்குது?" என்று என்னிடம் கேட்டாள். அவள் மாமியாரோ, "அடிபட்ட வலி ஆறு மாசம் இருக்கத்தான் செய்யும் அம்மிணி. போய் நீவிட்டு வா" என்பார். வாரம் ஒருமுறை நீவினார்கள். நீவ நீவ வீக்கம் ஏறியது. பிறகு குதிகாலில் வலி. பிறகு அடியே படாத இடது கை விரலிலும் வீக்கம்.

தலையில் படை அதிகமாகிறது என்று கோயமுத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவர் தலையைப் பார்ப்பதற்கு முன் கையை நீட்டச் சொன்னார். நகத்தைப் பார்த்தார். "காலையில் எழுந்தால் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது?" என்று கேட்டார். "ஒரு மணி நேரமாச்சும் ஆகுதுங்க. சோறாக்கி முடிக்கறப்பத்தான் கை மடங்குது" என்றாள். அங்கிருந்து மூட்டு டாக்டரிடம் அனுப்பினார். மருந்து ஆரம்பித்து மூன்று மாதத்தில் வலி தணிந்து இப்போது வேலைக்குப் போகிறாள். ஆனால் அந்தக் கால் விரல் மட்டும் முழுதாக மடங்குவதில்லை. ஐந்து மாதம் முந்தியிருந்தால் ஒருவேளை மடங்கியிருக்கும்.

எது அடி வலி, எது வாத வலி?

சாதாரண அடி வலி வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். நாளுக்கு நாள் தணிந்துகொண்டே வரும். அடிபட்ட இடத்தோடு நிற்கும்.

அழற்சி வலி நேர் எதிர். ஓய்வெடுத்தால் விறைத்துக்கொள்ளும், நடமாடினால் கொஞ்சம் இளகும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். வாரங்கள் போனாலும் வடியாது. அடிபடாத வேறு மூட்டுக்கும் தாவும்.

சொரியாசிஸ் உள்ளவர்களிடம் கேட்பதற்கென்று டாக்டர்கள் ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

1. எப்போதாவது மூட்டு வீங்கியதுண்டா?
2. மூட்டுவாதம் இருப்பதாக டாக்டர் யாராவது சொல்லியிருக்கிறாரா?
3. கை, கால் நகங்களில் குழிகள் உண்டா?
4. குதிகாலில் வலி வந்ததுண்டா?
5. காரணம் தெரியாமல் ஒரு விரல் முழுவதுமாக வீங்கி வலித்ததுண்டா?

மூன்று கேள்விகளுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் மூட்டு டாக்டரைப் பார்ப்பது அவசியம். இவை தவிர, இரவில் முதுகு வலித்து விழிப்பு வருவதும், கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்கக் கூசுவதும் இந்த வியாதியின் பகுதியாக இருக்கலாம். ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, நெருப்பாய்ச் சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது சீழ்ப் பிடிப்பாகவும் இருக்கலாம். அதற்கு நாளை என்பதே கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்கு!

ரத்தப் பரிசோதனையில் 'வாதம் இல்லை' என்று வந்துவிட்டதே என்று சிலர் நிம்மதியாகிவிடுவார்கள். முடக்குவாதத்தைக் காட்டும் பரிசோதனை இந்த வாதத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். எனவே, "எனக்கு சொரியாசிஸ் இருக்கிறது" என்று நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எலும்பு டாக்டர் காலைத்தான் பார்ப்பார். முழுக்கை ரவிக்கைக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? வெட்கத்தால் மறைப்பது மூட்டுக்குச் செய்யும் துரோகம். ஆறு மாதத் தாமதமே மூட்டை அரிப்பதற்குப் போதும் என்று 2015-ல் அயர்லாந்து டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. அரித்த எலும்பு திரும்ப வளராது.

மருந்து விஷயத்தில் ஜாக்கிரதை

இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. லேசான வலிக்கு அழற்சி தணிக்கும் மாத்திரை. அதற்கு அடங்காவிட்டால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரை. அதற்கும் அடங்காதவர்களுக்குப் புதிய ஊசி மருந்துகள் உண்டு, விலை அதிகம்.

மெத்தோட்ரெக்ஸேட் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதை மூட்டுவாதத்துக்குக் கொடுப்பது வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே. தினமும் சாப்பிடும் மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. 'ஞாயிற்றுக்கிழமை மாத்திரை' என்று பெட்டியில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும், பால் கொடுப்பவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டு ஆண்கள் சாப்பிடுவதானால் மதுவை விட்டாக வேண்டும், கல்லீரல் கெடும். சொன்னபடி ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

கடையில் சொல்லி வாங்கும் 'வலி செட்' மாத்திரையில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். பெயர் இல்லாத பொடிகளிலும் அது கலந்திருப்பதுண்டு. சாப்பிட்டவுடன் மந்திரம் போட்டதுபோல் வலி போகும். நிறுத்தியவுடன் சொரியாசிஸ் உடம்பெங்கும் பொங்கிவிடலாம். வேறு நோய்க்கு மருந்து எழுதும்போதும் சொரியாசிஸ் இருப்பதைச் சொல்லுங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளும், மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுவினும் படையை அதிகமாக்கக்கூடும்.

வெட்பாலைத் தைலம் பலர் வீட்டில் இருக்கும். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து ஊதா நிறம் இறங்கியபின் எடுக்கும் எண்ணெய். சித்த மருத்துவர் யோசனைப்படி தோலுக்குப் பூசிக்கொள்ளலாம். ஆனால் மூட்டு அரிப்பதை எண்ணெய்ப் பூச்சு தடுக்காது.

வீட்டில் செய்யக்கூடியவை

* அடிபட்டவுடன் நீவக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸை பத்து, பதினைந்து நிமிஷம் வையுங்கள். காலை உயர்த்தி வைத்து ஓரிரு நாள் ஓய்வு. பிறகு மெல்ல மெல்ல அசைக்கலாம்.
* கையிலோ காலிலோ வீக்கம் தெரிந்தால் உடனே மோதிரம், மெட்டி, வளையல்களைக் கழற்றிவிடுங்கள்.
* அடிபட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். கம்பெனியில் அடிபட்டால் சூப்பர்வைசரிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.
* குளிக்கும்போது பீர்க்கங்கூடு, கல் கொண்டு தேய்க்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.
* பாவாடை நாடாவைப் பட்டையாகத் தைத்துக்கொண்டு தளரக் கட்டுங்கள். பச்சை குத்த வேண்டாம்.
* உடம்பு எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். முழங்காலுக்கும் நல்லது, மருந்தும் நன்றாக வேலை செய்யும்.
* தறிக் கூடத்தில் வழுக்காத செருப்பு. பீம் தூக்கத் தனியாகப் போகாமல் துணைக்கு ஆள்.
* அடிபடும் என்று பயந்து மூலையில் உட்கார்ந்துவிடக் கூடாது. நடையும் எளிய உடற்பயிற்சியும் மூட்டுக்கு வேண்டியவை.

எங்கே காட்டுவது என்ற கேள்வி வரும். திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் தோல் பிரிவில் காட்டி, மூட்டு வலியையும் சேர்த்துச் சொன்னால் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அந்த அட்டையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அரை நாள் கூலியைப் பார்க்காமல் ஓடுவோம். நம் விரல் வீங்கினால், "தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும்" என்போம். சொரியாசிஸ் உள்ள சகோதரிகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பண்டிகை பார்க்க வேண்டாம். இன்றைக்கே வெளிச்சத்தில் கையை விரித்து நகங்களைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷம். சந்தேகம் இருந்தால் இந்த வாரமே கிளம்பிவிடுங்கள்.